இடம் மாறலாம், பொறுப்பு மாறக் கூடாது

 

 

இந்த ஜும்ஆவில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கேள்வி என்னுடையதல்ல. ஆனால் அதற்கு அவசரப்பட்டுச் சொன்ன பதில் என்னுடையது. அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் சொல்கிறேன். ஆள் யார், ஊர் எது என்று யாரும் தேட வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன், ஃபஜ்ர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது ஒரு சகோதரர் வந்தார். அவருடைய உம்மாவுக்கு வயது 78. தஹஜ்ஜுதுக்கு ஒளுச் செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, 9 நாட்களாக ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் டிஸ்சார்ஜ். வீட்டில் இவரும் மனைவியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும்தான். மனைவிக்கோ முதுகில் டிஸ்க் விலகல், குனியக் கூடாது. தம்பி துபாயில். ராத்தா வெளியூரில்.

அவர் கேட்டார்: "ஹழ்ரத், பக்கத்து டவுன்ல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. நர்ஸ், பிஸியோதெரபி எல்லாம் உண்டு. உம்மா பிடிச்சு நடக்கிற வரைக்கும் ஒரு 21 நாள் அங்க வெச்சுப் பார்த்துக்கலாமேன்னு டாக்டர் சொல்றார். இது கூடுமா? பாவமாகிடாதா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜாஹிமா (ரலி) அவர்கள் போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்தபோது, தாயை விட்டு அகலாதே, அவள் காலடியில்தான் சொர்க்கம் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய ஹதீஸை எடுத்துச் சொன்னேன். நஸாயீயில் வரும் ஹதீஸ்தான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "சொர்க்கத்தை யாராவது வாடகை இடத்துல கொண்டுபோய் விடுவாங்களா?" என்று என் சொந்த வார்த்தை ஒன்றையும் சேர்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. உம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது மருமகளுக்கு முதுகு பிடித்து, அவர் படுத்த படுக்கை. உம்மாவுக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்து சீழ் வைத்து, மறுபடியும் ஆஸ்பத்திரி. நலம் விசாரிக்கப் போனேன். அந்தத் தாய் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இன்றுவரை என்னைத் தூங்க விடவில்லை: "ஹழ்ரத், எனக்குப் பார்த்துப் பார்த்து அந்தப் புள்ள படுத்துட்டா. நான் அந்த இடத்துக்கே போயிருப்பேனே. என்கிட்ட யாருமே கேக்கலியே."

சகோதரர்களே! நான் சொன்ன ஹதீஸில் குறை இல்லை. அதை நான் கொண்டுபோய் வைத்த இடத்தில்தான் குறை. அந்தத் தாயின் நிலை என்ன என்று நான் கேட்கவில்லை. கித்மத் செய்யப் போவது யாருடைய கை என்று கேட்கவில்லை. அந்தத் தாயின் விருப்பத்தையும் கேட்கவில்லை. கேட்காமல் ஃபத்வா சொன்னேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. என் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பயான்.

முதலில், நம் மீது கடமையாக்கப்பட்டது என்ன? பனூ இஸ்ராயீல் சூராவின் 23, 24-ஆம் வசனங்களில், தன்னை மட்டுமே வணங்க வேண்டும் என்று சொன்ன கையோடு பெற்றோரைப் பற்றி அல்லாஹ் பேசுகிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ முதுமை அடைந்தால் "உஃப்" என்ற சடவுச் சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது, விரட்டக் கூடாது, கண்ணியமாகப் பேச வேண்டும், பணிவின் சிறகைத் தாழ்த்த வேண்டும், அவர்களுக்காக துஆச் செய்ய வேண்டும் என்கிறான். அந்த வசனத்தில் "இந்தக" என்று ஒரு சொல் வருகிறது. உன்னிடத்தில் என்று பொருள். பெற்றோர் உன்னிடத்தில் முதுமை அடையும்போது என்கிறான் இறைவன். உன் பொறுப்பில், உன் பராமரிப்பில் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, மூன்று வேளையும் "உஃப்" என்கிற வீடு இருக்கிறது. அங்கே உம்மா வீட்டில் இருக்கிறார், பிள்ளையின் பொறுப்பில் இல்லை. இன்னொரு வீட்டில் உம்மா 21 நாள் வேறிடத்தில் இருக்கிறார். பிள்ளை காலையும் மாலையும் போய் நிற்கிறான், மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிறான், சோறு ஊட்டிவிடுகிறான். அந்த உம்மா பிள்ளையின் பொறுப்பில்தான் இருக்கிறார். இடம் மாறலாம். பொறுப்பு மாறக் கூடாது. இன்றைய பயானின் சாரம் இதுதான்.

"ஹழ்ரத், கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பது கித்மத் ஆகுமா?" என்று கேட்பீர்கள். பகரா சூராவின் 233-ஆம் வசனத்தைப் பாருங்கள். பால்குடிக் குழந்தை பற்றிய வசனம் அது. தாயும் தகப்பனும் கலந்து ஆலோசித்து, இருவரும் பொருந்திக்கொண்டால் பால்குடியை நிறுத்துவதில் குற்றமில்லை என்கிறான் அல்லாஹ். பாலூட்ட வேறொரு பெண்ணை அமர்த்த விரும்பினால், அவளுக்குரியதை முறைப்படி கொடுத்துவிட்டால் அதிலும் குற்றமில்லை என்கிறான். அதே வசனத்தில், எந்த ஆத்மாவுக்கும் அதன் சக்திக்கு மேல் சுமை இல்லை என்றும், குழந்தையைக் காரணமாக வைத்துத் தாயும் தகப்பனும் வதைக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறான்.

குழந்தையைவிட பலவீனமான ஓர் உயிர் உண்டா? அந்தக் குழந்தைக்கே வேறொரு கை உதவலாம் என்று மார்க்கம் வழி வைத்திருக்கிறது. நம் நாயகம் (ஸல்) அவர்களை ஹலீமா ஸஃதிய்யா (ரலி) அவர்கள் பனூ ஸஃது கோத்திரத்தில் வைத்து வளர்த்தார்கள். ஆமினா அம்மையார் தன் பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என்று எந்த முஸ்லிமின் நாவாவது சொல்லுமா? சொல்லாது. இந்த வசனம் முதியோரைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை, உண்மைதான். ஆனாலும் இரண்டு பலவீனங்களையும் பக்கத்தில் வைத்துச் சிந்தித்தால் நமக்கு ஒரு வழி தெரிகிறது. கூடிப் பேச வேண்டும், பொருத்தம் இருக்க வேண்டும், கூலியைக் குறையில்லாமல் கொடுக்க வேண்டும், யாரும் வதைபடக் கூடாது.

இன்னொரு சம்பவம். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, அகழ்ப்போர். ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கையில் அம்பு பாய்ந்து நரம்பு அறுபட்டது. அவர் ஆதரவற்றவரா? அவ்ஸ் கோத்திரத்தின் தலைவர். வீடு உண்டு, பெற்ற தாய் உயிரோடு இருந்தார், ஒரு கோத்திரமே பின்னால் நின்றது. அப்படிப்பட்டவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அடிக்கச் சொன்னார்கள். ஏன்? அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக என்று புகாரியில் காரணமும் பதிவாகியிருக்கிறது. அங்கே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடந்துபோகும்போது, காலையில் "காலைப் பொழுது எப்படி இருக்கிறது?" என்றும் மாலையில் "மாலைப் பொழுது எப்படி இருக்கிறது?" என்றும் கேட்பார்களாம். அல்அதபுல் முஃப்ரதில் இது வருகிறது.

கவனியுங்கள். காயத்துக்கு மருந்து போடத் தெரிந்த கையில் நோயாளி ஒப்படைக்கப்பட்டார். ஆனால் தூரமாக அனுப்பப்படவில்லை. ஒப்படைத்தவர்கள் மறக்கவும் இல்லை. காலையும் மாலையும் போய்க் கேட்டார்கள். தற்காலிகப் பராமரிப்புக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் எங்கே கிடைக்கும்?

அடுத்து, கித்மத் செய்பவரின் ஹக்கு. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தபோது ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் தடுத்தார்கள். உன் இறைவனுக்கும், உன் உடலுக்கும், உன் குடும்பத்துக்கும் உன் மீது ஹக்கு உண்டு, அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடு என்றார்கள். அதை நாயகம் (ஸல்) அவர்களும் சரி கண்டார்கள். இரவு நான்கு முறை எழுந்து உம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் பெண்ணின் உடலுக்கும் ஹக்கு உண்டு, சகோதரர்களே!

ஆண்கள் இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "என் உம்மாவை நான் யாரிடமும் விட மாட்டேன்" என்று ஜமாஅத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். ஆனால் மலம் எடுப்பது யார்? புண்ணைத் துடைப்பது யார்? மருமகள். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மார்க்கச் சட்டப்படி அவள் மீது கடமை அல்ல. அவள் செய்வது இஹ்ஸான், பேருபகாரம். அதற்கு அல்லாஹ்விடம் பெரிய கூலி உண்டு. கடமை பெற்ற பிள்ளைகளாகிய நம் மீது. என் சொர்க்கத்தை நான் தேட, இன்னொருத்தி வீட்டுப் பிள்ளையின் முதுகெலும்பை ஒடிப்பது எந்த மார்க்கம்?

நோயாளிக்குக் கித்மத் செய்வதன் அந்தஸ்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் பத்ருப் போருக்குச் செல்லாமல், நோயுற்ற மனைவி ருகைய்யா (ரலி) அவர்களைக் கவனித்துக்கொள்ளும்படி நாயகமே பணித்தார்கள். பத்ரில் கலந்தவரின் கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள். ஸஈத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் நோயுற்றதாக ஒரு வெள்ளிக்கிழமை செய்தி கேட்டு, இப்னு உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவை விட்டுவிட்டு அவரிடம் விரைந்தார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. இவ்வளவு உயர்ந்த அமல் என்பதால்தான், அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்கிறேன். நமக்குத் தெரியாத வேலையை வீம்புக்காக நம் கையிலேயே வைத்துக்கொண்டு, பெற்றவளுக்குப் புண் வரவிடுவது கித்மத் ஆகாது.

இப்போது மறுபக்கம். இந்தப் பயானைப் பிடித்துக்கொண்டு, "ஹழ்ரத்தே கூடும்னு சொல்லிட்டார்" என்று யாரும் உம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கூடாது. 21 நாள் என்று சொல்லி, அது 2 மாதமாகி, பிறகு வருடமாகி, கடைசியில் மாதாமாதம் பணம் அனுப்புவதோடு உறவு முடிந்துபோன கதைகளும் நம் சமூகத்தில் உண்டு. அது பராமரிப்பு அல்ல, கைவிடுதல். முதியோரை நிரந்தரமாகக் கைவிடும் நோக்கத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்பவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இந்த நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மறுமையின் விசாரணை அதைவிடக் கடினமானது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? உங்களை நீங்களே இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, நிய்யத். அவர் தேறி வருவதற்காகவா, அவரிடமிருந்து நான் தப்பிப்பதற்காகவா? களைப்பு தீர்வதற்காக என்றாலும் குற்றமில்லை, தேறிய கையால் மறுபடி கித்மத் செய்யும் எண்ணம் இருந்தால்.

இரண்டு, மஷூரா. உம்மாவை உட்கார வைத்து நேராகக் கேளுங்கள். வயதாகிவிட்டால் அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கே, எத்தனை நாள், எதற்காக என்று விளக்குங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வீட்டுக்கே ஹோம் நர்ஸ் வைப்பது, ராத்தா பத்து நாள் தம்பி பத்து நாள் என்று முறை வைப்பது என்று வேறு வழி தேடுங்கள்.

மூன்று, தவணை. திரும்பி வரும் தேதியைச் சொல்லுங்கள். சொன்ன தேதி ஒரு வாக்குறுதி. வாக்கு மீறுவது நயவஞ்சகத்தின் அடையாளங்களில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் நாளைக் கூட்டினால், அதையும் அவரிடம் முன்பே சொல்லுங்கள்.

நான்கு, அருகாமை. தினமும் போய்வர முடிகிற இடமாகப் பாருங்கள். பெரிய ஊரில் வசதியான இல்லத்தைவிட, இரண்டு வேளையும் பிள்ளையின் முகம் தெரிகிற சாதாரண இல்லம் மேல்.

ஐந்து, அமானத். பெண்ணுக்குப் பெண் பணியாளர், ஆணுக்கு ஆண். மறைவிடத்தைப் பேண வேண்டும். ஹலாலான உணவு வேண்டும். கிப்லா எந்தப் பக்கம் என்று நீங்களே காட்டிவிட்டு வாருங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்ற மஸ்அலாவை அவருக்கு நினைவூட்டுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேளுங்கள். அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்றும் கேளுங்கள்.

ஆறு, செலவு. உம்மாவிடம் சொந்தப் பொருள் இருந்தால், அவர் சம்மதத்தோடு அதிலிருந்து செய்யலாம். இல்லையென்றால் வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. துபாயில் இருக்கும் தம்பி துஆ மட்டும் அனுப்பினால் போதாது. ஒன்றை மறக்காதீர்கள்: பெற்ற தாயின் செலவை உங்கள் ஜகாத் பணத்தில் கழிக்கக் கூடாது. கவனித்துக்கொண்ட பணியாளரின் கூலியைத் தாமதம் செய்யவும் கூடாது. வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். காலை எப்போது ஊன்றலாம்? தையல் எப்போது பிரிப்பது? எந்த மாத்திரை எந்த நேரம்? படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எப்படிப் புரட்டுவது? காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், திடீரென்று ஆளை அடையாளம் தெரியாத குழப்பம் வந்தால் யாரை அழைப்பது? தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி வந்து பிஸியோதெரபியும் வலிநிவாரணச் சிகிச்சையும் செய்கிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. கி.பி. 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டத் தொடங்கிய மருத்துவமனை வக்ஃபு சொத்தின் வருமானத்தில் நடந்தது. அது பழைய கதை என்றால், பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பு முயற்சி, பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. நம் மஹல்லாவில் கல்யாண மண்டபம் இருக்கிறது, ஏசி இருக்கிறது. ஒரு சக்கர நாற்காலி, ஒரு காற்றுப் படுக்கை, இரண்டு மணி நேரம் போய் உட்கார நான்கு பெண்கள் இருக்கிறார்களா? பைத்துல்மாலில் இருந்து இதைத் தொடங்கலாமே.

அந்தக் குடும்பத்தின் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டாவது முறை டிஸ்சார்ஜ் ஆனபோது உம்மாவிடமே கேட்டார்கள். "போறேன், ஆனா திருப்பிக் கூட்டிட்டு வந்துடணும்" என்றார். 21 நாள். மகன் கடை திறக்கும் முன் ஒரு முறை, மக்ரிபுக்குப் பின் ஒரு முறை போய்வந்தார். மருமகளும் இங்கே தேறினார். 21-ஆம் நாள் அஸருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், ஃபஜ்ர் தொழுததிலிருந்தே உம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பையை மடியில் வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். "அஸருன்னுதானே சொன்னேன் உம்மா?" என்றதற்கு, "நீ சீக்கிரம் வந்துட்டா நான் ரெடியா இருக்கணும்ல" என்றாராம்.

சொல்லும்போது அந்த மகன் அழுதார். நானும் அழுதேன். கூடும் என்று மார்க்கம் சொன்ன காரியத்திலும் இப்படி ஒரு வலி இருக்கத்தான் செய்யும். அந்த வலி பாவத்தின் அடையாளமல்ல. பாசத்தின் அடையாளம். அந்த வலி போய்விட்டால்தான் நாம் பயப்பட வேண்டும்.

இன்று உங்கள் உறவில் யாராவது ஏதோ ஒரு கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதை வாசித்து முடித்ததும் எழுந்து போங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரைக் கண்ணியத்தோடு பார்த்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! கித்மத் செய்து களைத்துப்போன பெண்களின் உடலுக்கு ஆஃபியத்தையும், கூலிக்கு வந்து பிறர் தாயைத் துடைத்துவிடும் கைகளுக்குப் பரக்கத்தையும் தருவாயாக! அறியாமல் நாங்கள் சொன்ன தவறான வார்த்தைகளை மன்னிப்பாயாக! மரணித்துவிட்ட எங்கள் பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.